பீடத்து இரசமும் அதன் விலையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு



ஜூபிலி மலரில் பங்குக் குருவின் கட்டுரை என்றால் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய வரலாறு, கொடிமரம் நின்ற வரலாறு, மணி வந்து சேர்ந்த வரலாறு ஆகியவற்றையே எதிர்பார்ப்பீர்கள். அவற்றை மலர்க் குழுவினர் வேறு பக்கங்களில் செவ்வனே எழுதியிருக்கின்றனர். அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பங்கின் வரவு செலவுப் புத்தகத்தில் மெழுகுதிரி, சாம்பிராணி, அப்பம் என்னும் வரிகளுக்குக் கீழே "இரசம்" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியின் பின்னால் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் கடற்கரையிலேயே நடந்தது.

மறைக்கல்வி வகுப்பில் "அப்பமும் இரசமும்" என்று சொன்னால் பின்வரிசைப் பிள்ளைகள் மிளகு இரசத்தை நினைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம் முன்னோர் பயன்படுத்திய பழைய சொல் கொடிமுந்திரிப்பழ இரசம் என்பது. கொடிமுந்திரி என்றால் திராட்சை. இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் முந்திரிக்கொட்டையை நினைப்பார்கள். ஆகவே சிரிப்பு எப்படியும் நிற்காது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு திருப்பலிக்குக் கிண்ணத்தில் வார்க்கும் இரசம் ஏறக்குறைய 15 மில்லி. 750 மில்லி கொண்ட ஒரு புட்டி ஐம்பது பூசைக்கு வரும். நாள்தோறும் ஒரு பூசை என்று வைத்தால் ஆண்டுக்கு ஏழெட்டுப் புட்டிகள் போதும். கிளைக் கிராமங்களின் பூசைகளையும், திருவிழா நாட்களில் பல குருக்கள் கூடி நிறைவேற்றும் கூட்டுப் பலிகளையும் சேர்த்தாலும் இரண்டு டஜனை எட்டாது. இவ்வளவு சிறு செலவில் சிக்கனம் பிடித்து எதை மிச்சப்படுத்தப் போகிறோம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் வரலாற்றில் இந்தச் சிறு அளவு இரசத்தை நல்லதாகவும், ஏழைப் பங்கின் பைக்கு அடங்கும் விலையிலும் பெறுவது எளிதாக இருந்த காலம் மிகக் குறைவு.

திருச்சபை இரசத்தின் விலையைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. குருமடத்தில் எங்களுக்கு இலத்தீனில் மனப்பாடமாகவே ஏற்றிவைத்த விதி அது. 1917 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும், 1983 ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் 924 ஆம் விதியிலும் உள்ளது ஒரே கருத்து: இரசம் இயற்கையானதாக, திராட்சைக் கொடியின் கனியிலிருந்து வந்ததாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். பழைமையானதா, புகழ்பெற்ற தோட்டத்ததா, சீமைச் சரக்கா என்று சட்டம் கேட்கவில்லை. ஓர் ஏழை உழவன் தன் கொல்லையில் பிழிந்த இரசமும், அரசர்கள் அருந்தும் இரசமும் பீடத்தின்மேல் சரிசமம். ஆனால் சர்க்கரைத் தண்ணீரில் சாயமும் சாராயமும் கலந்தது எத்தனை அழகான புட்டியில் வந்தாலும் ஆகாது. ஆகவே மலிவு குற்றமில்லை, போலிதான் குற்றம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய காலத்துக்குப் போவோம்.

இராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலோடு சேரும் முகத்துவாரத்தின் அருகில் அழகன்குளம் என்னும் ஊர் உள்ளது. அங்கே தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும், அவற்றோடு ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை இரசமும் ஒலிவ எண்ணெயும் கப்பலேறி வந்தது இத்தகைய சாடிகளில்தான். புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945 இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோதும் இதே வகைச் சாடிகள் வெளிப்பட்டன. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னன் பொற்கிண்ணத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். புலவர் சொன்னதற்கு மண்ணே சாட்சி சொல்லிவிட்டது.

அரசன் பொற்கிண்ணத்தில் குடித்தான் என்பதால் அது உயர்ந்த சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அரிக்கமேட்டுச் சாடிகளில் கணிசமானவை கிரேக்கத்தின் கோஸ் தீவு இரசத்தைச் சேர்ந்த வடிவம் உடையவை. கோஸ் இரசத்தின் தனித்தன்மை, அதில் கடல் நீரைக் கலந்திருப்பார்கள். உப்பு சேர்ந்தால் நெடும் பயணத்தில் புளிக்காது. இத்தாலியப் பண்ணையார்கள் அதைப் பார்த்துத் தாங்களும் கடல் நீர் கலந்து போலிக் கோஸ் இரசம் செய்தனர். அதற்குரிய செய்முறையைக் காட்டோ என்னும் ரோமானியர் வேளாண்மை நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார். அது ரோமாபுரிப் பெருமக்கள் விருந்தில் பெருமையாக வைக்கும் சரக்கன்று, அங்காடிச் சரக்கு. பாண்டியனுக்குப் பொன்னும் முத்தும் கொடுத்து வாங்க வேண்டிய அபூர்வப் பொருள், அது புறப்பட்ட இடத்தில் கூலியாளும் குடிக்கும் பொருள். (கடல் நீர் கலந்ததால் இன்றைய சட்டப்படி அது நம் பீடத்துக்கு ஆகாது என்பது வேறு விஷயம்!)

ரோமாபுரியில் விலை எப்படி இருந்தது என்பதும் நமக்குத் தெரியும். தியோக்கிளேசியன் பேரரசர் கி.பி. 301 இல் வெளியிட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில், அரைலிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரு படி சாதாரண இரசத்துக்கு 8 தெனாரியம், புகழ்பெற்ற பலேர்னிய இரசத்துக்கு 30 தெனாரியம் என உச்சவிலை வைத்தார். அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே, பொம்பேயி நகரத்துக் குடிக்கடைச் சுவரொன்றில் ஒரு காசுக்குச் சாதாரணம், இரண்டு காசுக்கு அதைவிட நல்லது, நான்கு காசுக்குப் பலேர்னியம் என எழுதி வைத்திருந்தனர். கடைநிலைக்கும் தலைநிலைக்கும் ஏறக்குறைய நாலு மடங்குதான் வித்தியாசம். ஆனால் அதே இரசம் செங்கடல் தாண்டி, பருவக்காற்றில் ஏறி நம் துறைக்கு வரும்போது விலை எங்கேயோ போய்விடும். அக்காலக் கடல் வணிகக் கையேடான பெரிபுளூஸ், மேற்குக் கரையின் முசிறித் துறைக்கு இரசம் போகும், ஆனால் அதிகமில்லை என்று குறிக்கிறது. கூலியே சரக்கை விழுங்கிவிடும் தொலைவு அது.

இனி நம் வாசலுக்கே வருவோம். திருப்புல்லாணி ஒன்றியத்துப் பெரியபட்டினம் இன்று தென்னையும் தொழுகைப் பள்ளிகளும் நிறைந்த அமைதியான ஊர். பதினான்காம் நூற்றாண்டில் அது சீனக் கப்பல்கள் வந்துபோன பெருந்துறை. சீனப் பீங்கான் துண்டுகள் அங்கே மண்ணில் நிறையக் கிடைத்தன. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா முதலியோர், இபின் பதூதா "பத்தன்" என்று எழுதிய துறைமுகம் இதுவே எனக் கருதினர். 1340-களில் மதுரை சுல்தான்களின் நாட்டைச் சுற்றிவந்த அந்த மொரோக்கோ யாத்திரிகர் பத்தனைப் பற்றி எழுதும்போது, கடலுக்குள் மரத்தூண்கள்மேல் கட்டிய மண்டபத்தையும், கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும் சொல்லிவிட்டு, அங்கே திராட்சை மிகுதியாகவும் மாதுளை மிக நன்றாகவும் இருப்பதாகக் குறித்திருக்கிறார். நம் மணல் வெளியில் திராட்சை! பெரியபட்டினத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முதலில் நம்பவில்லை, பிறகு பெருமைப்பட்டார்கள்.

அந்தத் திராட்சை என்னவாயிற்றோ, போர்த்துகீசியர் வந்தபோது இந்தியக் கடற்கரையில் இரசம் கிடைக்கவில்லை என்பதே அவர்கள் எழுதியது. ஏறக்குறைய 1516 இல் எழுதிய துவார்த்தே பார்போசா, இங்கிருந்த தோமையார் கிறிஸ்தவர்கள் இரசம் இல்லாக் குறையை எப்படித் தீர்த்தனர் என்று விவரிக்கிறார். மெக்காவிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் கப்பலில் வரும் உலர்திராட்சையை வாங்கி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, மறுநாள் பூசைக்குப் போகும்போது பிழிந்து எடுத்துக்கொள்வார்களாம். இதைப் படிக்கும்போதெல்லாம் அடியேனுக்கு அந்த ஏழைக் குருக்கள்மேல் மரியாதை கூடுகிறது. இரசத்தைச் சாடியில் சுமந்தால் புளிக்கும், கசியும், கூலி ஏறும். உலர்ந்த பழத்தைச் சாக்கில் சுமந்தால் ஒன்றுமில்லை. நல்லதை நயமாக வாங்கும் வித்தையை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, சுற்றிலும் பனை நிற்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. இராமநாதபுரம் சீமையில் கள்ளுக்கும் பதனீருக்கும் என்றுமே பஞ்சமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, அந்தந்த மண்ணின் உணவையும் பானத்தையும் பீடத்தில் வைக்கலாகாதா என்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இறையியலார் வாதிட்டதுண்டு. எங்கள் குருமட வகுப்பிலும் அந்த வாதம் சூடாகவே நடந்தது. திருச்சபை இணங்கவில்லை. கடைசி இராவுணவில் ஆண்டவர் கையில் எடுத்தது எதுவோ அதையே நாமும் எடுக்கிறோம் என்பது அதன் பதில். அந்தப் பதிலின் விலையைத்தான் நம் கடற்கரை நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்திருக்கிறது.

1542 இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1549 இல் அருள்தந்தை அந்தோணி கிரிமினாலி, நமக்கு அருகிலுள்ள வேதாளையில் உயிர் துறந்தார். இவர்கள் பூசைக்குப் பயன்படுத்திய ஒவ்வொரு சொட்டும் லிஸ்பனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரவேண்டியதாயிருந்தது. 1599 இல் கேரளத்தின் உதயம்பேரூரில் கூடிய திருச்சங்கத்துக்கு இரசம் ஒரு தனிப் பிரச்சினையாகவே இருந்தது. போர்த்துகல் நாட்டு மஸ்கத்தேல் இரசத்தை ஆண்டுதோறும் பீப்பாய்க் கணக்கில் தருமமாக அனுப்பி, மலைநாட்டுக் கோயில்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க உதவுமாறு அந்தச் சங்கம் மன்னரை வேண்டிக்கொண்டது. விலைகொடுத்து வாங்க முடியாத ஏழைக் கோயில்கள் அரசனிடம் கை நீட்டின. வேண்டுகோளின் கருத்து எளிது: ஊருக்கு உலர்திராட்சை மலிவு, ஆனால் ரோமாபுரிக்கு அதில் ஐயம், இரசத்தில் ஐயமில்லை, ஆனால் ஊருக்கு அது எட்டாது.

மதுரையில் 1606 இல் கால்வைத்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, புலாலும் மதுவும் நீக்கிய சந்நியாசியாக வாழ்ந்தார். மது அருந்துவது பரங்கியின் அடையாளம் என்று ஊர் நினைத்த காலம் அது. ஆனாலும் பூசைக்குத் திராட்சை இரசம் வேண்டும். அது பரங்கியின் கப்பலில்தான் வரவேண்டும். சந்நியாசியின் மூட்டைக்குள் அந்தச் சிறு புட்டி எவ்வளவு தர்மசங்கடமான பொருளாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மறவர் சீமையில் ஊர் ஊராக அலைந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை கொடுத்த புனித அருளானந்தருக்கும் இதே நிலைதான்.

வெகுதூரம் வரும் இரசம் வெயிலில் காடியாகிவிடும். நம் ஊர்ச் சூட்டில் திறந்த புட்டி ஒரு வாரம் தாங்குவதே அரிது. காற்றிலுள்ள நுண்ணுயிர் சாராயச் சத்தைப் புளிக்காடியாக மாற்றிவிடுகிறது. காடியான இரசத்தில் திருப்பலி செல்லாது. 1896 ஆகஸ்டு 5 அன்று ரோமையின் பரிசுத்த அலுவலகம் இதற்கு ஒரு வழி சொன்னது. பலவீனமான இரசம் கெடாதிருக்கத் திராட்சையிலிருந்தே காய்ச்சி எடுத்த சாராயத்தைச் சிறிது சேர்க்கலாம். இரசத்தில் இயல்பாக உள்ளதையும் கூட்டி மொத்தம் நூற்றுக்கு 18 பங்கைத் தாண்டக் கூடாது. "திராட்சையிலிருந்தே" என்ற சொல்லைக் கவனியுங்கள். கரும்புச் சக்கைப்பாகிலிருந்து காய்ச்சிய சாராயம் சேர்ந்தால் அந்த அனுமதி பொருந்தாது. நம் நாட்டில் மலிவான சாராயம் பலவும் கரும்புப் பாகிலிருந்து வருவது. "போர்ட்" என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் மலிவான இனிப்பு இரசத்தைக் கண்டதும் குருக்கள் தயங்க வேண்டிய காரணம் இதுதான்; புட்டியின் சீட்டில் சேர்ந்த சாராயத்தின் பூர்வீகம் எழுதியிருப்பதில்லை.

இந்தத் தொல்லைக்கெல்லாம் விடிவு நம் மண்ணிலேயே முளைத்தது. 1832 இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் தமிழ்நாட்டுக்கு ஒரு திராட்சைக் கொடியைக் கொண்டுவந்தார். ரோஜா மணம் வீசும் அந்தக் கருந்திராட்சையை இன்று பன்னீர்த் திராட்சை என்கிறோம். நூலோர் அதற்கு இட்ட பெயர் மஸ்கட் ஹாம்பர்க். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குமலையடியில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் பந்தல் பந்தலாக அது படர்ந்திருக்கிறது. பிற இடங்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. கம்பத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும். 2023 இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இராயப்பன்பட்டி நம் கத்தோலிக்க மக்கள் நிறைந்த ஊர். அங்கே பந்தலின்கீழ் நிற்பவர்களுக்கு விவிலியத்தின் திராட்சைத் தோட்ட உவமைகளைத் தனியாக விளக்கவேண்டிய அவசியமில்லை.

அந்தப் பழத்தை இரசமாக்கும் முறையை இல்லத்தரசிகளும் அறிவார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பழத்தை நசுக்கித் தோலோடு ஊறவிட்டால் நொதி சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றும். ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு சாராயச் சத்து உண்டாகும் என்பது கணக்கு. வீட்டில் கிறிஸ்துமசுக்குச் செய்யும் இரசத்தில் நாம் சர்க்கரையை வாரிக் கொட்டுகிறோம். கோதுமையும் பட்டையும் கிராம்பும் போடுகிறோம். சுவை நன்றாகத்தான் இருக்கும், பீடத்துக்கு ஆகாது. பீடத்து இரசத்துக்குப் பழம் மட்டுமே. அதனால்தான் மறைமாவட்டங்களும் துறவற இல்லங்களும் ஆயரின் அனுமதியோடு தாங்களே தயாரித்தும், நம்பகமான இடத்திலிருந்து பெற்றும் பங்குகளுக்கு அடக்க விலைக்கு வழங்கும் வழக்கம் வேரூன்றியது. நல்ல பழம் பக்கத்திலேயே விளைகிறது, கப்பல் கூலி இல்லை, இடைத்தரகர் இல்லை. நக்கீரர் காலத்திலிருந்து நம் கடற்கரை தேடியது ஒருவகையில் இதைத்தான்.

ஆனால் அதற்குள் வேறொரு வாசல் அடைபட்டது. இராஜாஜி முதலமைச்சராயிருந்த 1937 இல் மதுவிலக்குச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அமலாயிற்று. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971 இல் தளர்ந்து, 1974 இல் மீண்டும் இறுகி, 1981 இல் மறுபடியும் தளர்ந்தது. இந்த மாற்றங்களுக்கு நடுவில் பூசை இரசம் அரசின் கண்ணில் ஒரு தனி ஜாதிப் பொருளாயிற்று. 1984 இல் தமிழ்நாட்டில் பூசை இரசத்துக்கென்றே தனி விதிகள் வகுக்கப்பட்டன. "மாஸ் ஒயின் விதிகள்" என்பது அவற்றின் அரசாங்கப் பெயர்.

அரசு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு அமெரிக்காவின் கதையைச் சொல்வேன். அங்கே 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. வழிபாட்டு இரசத்துக்கு மட்டும் விலக்கு. 1922 இல் ஏறக்குறைய 21 லட்சம் காலனாக இருந்த வழிபாட்டு இரசம் 1924 இல் 29 லட்சம் காலனைத் தாண்டியது. இரண்டே ஆண்டில் 8 லட்சம் காலன் அதிகம்! பக்தி அவ்வளவு வேகமாக வளர்ந்ததாக யாரும் நம்பவில்லை. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஜார்ஜ் தெ லத்தூர் என்பவருடைய போலியூ தோட்டம் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளைத் தாண்டிப் பிழைத்ததே பூசை இரசம் விற்றுத்தான். விலக்கு எங்கே இருக்கிறதோ அங்கே கள்ளவழியும் பிறக்கும். பங்குக் குருவின் சாவிக்கொத்தில் இரச அலமாரியின் சாவி தனியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி இன்றைய கடைகளைப் பற்றி. சென்ற ஆண்டு வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த நம் பங்கு இளைஞர் ஒருவர், விமான நிலையத் தீர்வையில்லாக் கடையில் வாங்கிய இத்தாலிய இரசப் புட்டியைக் கொண்டுவந்து, "சாமி, இது அங்கே பாதி விலைக்குக் கிடைத்தது, பூசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தார். அவர் மனம் பொன்னானது. பயணி ஒருவர் இரண்டு லிட்டர்வரை தீர்வையின்றிக் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் சொன்ன விலை வித்தியாசமும் உண்மை. சீமை இரசத்துக்கு நம் நாட்டுச் சுங்கவரி பல்லாண்டுகளாக நூற்றுக்கு 150 ஆக இருந்தது. 2022 டிசம்பரில் அமலான ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தால் அந்நாட்டு உயர்விலை இரசத்துக்கு மட்டும் அது குறைந்தது. அதற்குமேல் மாநில வரி. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 நவம்பரிலிருந்து அரசின் டாஸ்மாக் கையில் மட்டுமே. ஒரே விற்பனையாளர் இருக்கும் இடத்தில் தள்ளுபடி என்னும் பேச்சே எழாது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வரி குறைவு என்பதால் மலிவு; அங்கிருந்து எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் வழக்கு. ஆக, புட்டியின் விலை நமக்குச் சொல்வது பழத்தின் தரத்தையன்று, எந்த எல்லையைத் தாண்டி வந்தது என்பதை.

வெளிநாடுகளில் நிலை வேறு. ஜெர்மனியில் பங்குப் பணி செய்யும் நம் தமிழ்க் குருக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: ஆல்டி, லீடில் போன்ற மலிவுவிலை மளிகைக் கடைகளில் அரிசி பருப்பு வாங்குவதுபோல் நல்ல இரசத்தையும் எடுத்து வரலாம். அரசின் தரச்சான்று பெற்ற இரசமாயின் பீடத்துக்குப் போதும் என்று அந்நாட்டு ஆயர்கள் விதித்துள்ளனர். அமெரிக்காவில் டிரேடர் ஜோ என்னும் கடை 2002 இல் சார்லஸ் ஷா என்ற பெயரில் ஓர் இரசத்தை இரண்டு டாலருக்கும் ஒரு காசு குறைவாக விற்கத் தொடங்கியது. 2007 இல் கலிபோர்னியா மாநிலப் பொருட்காட்சியில், பெயர்ச்சீட்டை மறைத்துச் சுவைத்த நடுவர்கள் அதன் வெள்ளை இரசங்களில் ஒன்றுக்கே அவ்வகையில் முதல் பரிசு கொடுத்தார்கள். விலை உயர்ந்த புட்டிகளின் சொந்தக்காரர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! நல்லது மலிவாகக் கிடைக்காது என்ற எண்ணத்தை அந்தப் பரிசு உடைத்துவிட்டது. அங்கே பழமும் மலிவு, வரியும் குறைவு, புட்டியும் தக்கையும் மொத்தமாக வாங்கப்படுகின்றன.

ஆனால் மலிவுக் கடை பெருகியதும் ரோமாபுரிக்குக் கவலை வந்தது. 2017 ஜூன் 15 தேதியிட்ட கடிதத்தில் திருவழிபாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதியது இதுவே. முன்னெல்லாம் துறவற இல்லங்கள் அப்பமும் இரசமும் செய்து தந்தன; இப்போது அவை பேரங்காடிகளிலும், பிற கடைகளிலும், இணையத்திலும்கூட விற்கின்றன; ஆகையால் அவற்றின் தகுதியை ஆயர்கள் கண்காணிக்க வேண்டும், தயாரிப்பவர்களிடம் சான்று பெறலாம் என்று அது கேட்டுக்கொண்டது. விலை கூடியதை வாங்குங்கள் என்று அந்தக் கடிதம் எங்கும் சொல்லவில்லை. யார் பிழிந்தார், எதைச் சேர்த்தார் என்று தெரிந்து வாங்குங்கள் என்பதே பொருள்.

இளைஞர் கொடுத்த புட்டிக்கு வருகிறேன். சீட்டைப் படித்துப் பார்த்தேன். தோட்டத்தின் பெயர், ஆண்டு, நூற்றுக்கு 13 என்னும் சாராய அளவு எல்லாம் முறையாக இருந்தன. பெரும்பாலும் அது நல்ல இரசமே. எனினும் மறைமாவட்டம் வழங்கும் இரசம் இருக்கும்போது ஐயத்துக்கு இடம் தரும் ஒன்றைக் கிண்ணத்தில் வார்க்க எனக்கு உரிமையில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் வருந்தவில்லை. வேறொன்றும் சொன்னேன், அதை இங்கே எழுதத் தயங்கவில்லை. நம் பங்கில் மதுவினால் தாலி அடகுக்குப் போன வீடுகள் எத்தனை என்பது எனக்குத் தெரியும். பீடத்துக்கென்று ஒரு புட்டி கோயிலுக்கு வந்தால் அதைப் பார்த்து அடுத்தவர் வீட்டுக்கென்று நான்கு புட்டி வரும். மலிவாகக் கிடைத்தது என்பதே குடிப்பதற்குக் காரணமாகிவிடும் ஊர் நம்முடையது. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த முறை பேரீச்சம்பழம் கொண்டுவருவதாகச் சொன்னார், கொண்டும் வந்தார்.

இன்று நம் பங்குக்கு இரசம் மறைமாவட்டத்தின் வழியாக வருகிறது. 1987 ஜூலையில் சிவகங்கை மறைமாவட்டம் உருவாகும்வரை நாம் மதுரையைச் சார்ந்திருந்தோம். பெரியவர்களுக்கு அந்தப் பயணங்கள் நினைவிருக்கும். புட்டிகளைத் துணியில் சுற்றி, கூடையில் வைக்கோல் பரப்பி, பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்த பழைய உபதேசியார்கள், நடத்துனர் மூக்கைச் சுளித்தபோது பட்ட வெட்கத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது சான்றுச் சீட்டோடு முறையாக வருகிறது. திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைக்கிறோம்; மின்சாரம் நின்ற நாட்களில் ஈரத்துணி சுற்றிய பானைக்குள் வைக்கிறோம். ஒவ்வொரு புட்டியிலும் திறந்த தேதியைக் கோயில்பிள்ளை எழுதி ஒட்டுகிறார். பூசைக்கு முன் முகர்ந்து பார்ப்பது என் வேலை.

ஜூபிலித் திருப்பலிக்கு ஆயர் ஆண்டகையுடன் நாற்பதுக்கு மேற்பட்ட குருக்கள் வருவார்கள் என எதிர்பார்க்கிறோம். அன்று இரண்டு புட்டிகள் செலவாகும். வழக்கமான ஒதுக்கீட்டுக்கு மேல் மூன்று புட்டிகள் கேட்டு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. அவற்றின் விலையை இவ்வாண்டுக் கணக்கில் "இரசம்" என்னும் அதே வரியில் காண்பீர்கள்.